லேப் மெஷினுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு?

வேலூரில் ஆற்காடு சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்தால் ரத்தப் பரிசோதனை நிலையம், ஸ்கேன் சென்டர், பல் மருத்துவமனை என்று வரிசையாகப் பார்க்கலாம். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையாக வளர்ந்த பிறகு, அதைச் சுற்றி ஊரே மருத்துவ ஊராகிவிட்டது. சின்ன லேப்களில்கூட பல லட்ச ரூபாய் அனலைசர்கள் (ரத்த மாதிரியை ஆராயும் மெஷின்கள்) ஓடுகின்றன. மெஷினைப் பொருத்த வரும் இன்ஜினியர் ஒரு தாளை நீட்டுவார்: ஆன்லைன் யுபிஎஸ் வேண்டும், ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே இத்தனை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உரிமையாளர் சொன்னதையெல்லாம் வாங்கி வைத்துவிடுவார். பிறகு ஒரு மழைக்காலத்தில் மெஷினின் போர்டு போய்விட்டால் வரும் கேள்வி இதுதான்: "அதான் ஐசோலேஷன் போட்டோமே, அப்புறம் இன்னாண்ணா போர்டு எரியுது?"

நியாயமான கேள்வி. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை எல்லா மின்கோளாறுக்கும் மருந்து என்று சொல்லி விற்பதால் வரும் கேள்வி. அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று: உங்கள் மெஷினுக்குப் போகும் மின்சாரத்துக்கும் பூமிக்கும் தெருவிலேயே ஏற்பட்டுவிட்ட உறவை அது அறுக்கிறது. அந்த உறவால் வரும் தொல்லைகளுக்கு அது அருமையான தீர்வு. மற்றவற்றுக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள மின் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒரு கம்பியை மட்டும் தொட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது?

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வழி இருந்தால்தான் கரண்ட் ஓடும். பள்ளியில் பேட்டரியும் டார்ச் பல்பும் வைத்துப் பார்த்திருப்போம். பேட்டரியின் ஒரு முனையை மட்டும் பல்பில் வைத்தால் எரியாது. அப்படியிருக்க, வீட்டில் ஃபேஸ் கம்பியை மட்டும் தொட்டவருக்கு ஏன் ஷாக் அடிக்கிறது? அவர் நியூட்ரலைத் தொடவே இல்லையே?

காரணம் தெருமுனையில் இருக்கிறது. 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்கு இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் முனையை அங்கேயே மண்ணில் எர்த் செய்திருப்பார்கள். அதனால் நீங்கள் நிற்கும் தரையும் ஒருவகையில் நியூட்ரல்தான். வெறுங்காலோடு நின்று ஃபேஸைத் தொட்டால், கரண்ட் உடல் வழியாகத் தரைக்கு இறங்கி, மண் வழியாகத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிவிடுகிறது. உடலின் தடையை 1,500 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் ஓடும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் விழும் வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்குள்ளேயே துண்டித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 150 என்பது உயிரைப் பறிக்கும் அளவு.

அப்படியானால் நியூட்ரலை எர்த் செய்யாமலே விட்டிருக்கலாமே என்று தோன்றும். விட முடியாது. தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் 11,000 வோல்ட் சுற்று கசிந்து கீழ்ச்சுற்றைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத நிலையில் அந்த வோல்டேஜ் நேராக வீடுகளுக்குள் வந்துவிடும். ஒரு ஊருக்கே மின்சாரம் தரும்போது எர்த் செய்த நியூட்ரல்தான் பாதுகாப்பு. ஒரு மேசைக்கோ ஒரு அறைக்கோ ஒரு மெஷினுக்கோ தரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

இரண்டு சுருள்கள்

1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒன்றில் பேட்டரியை இணைத்த நொடியிலும் எடுத்த நொடியிலும் மற்றதில் கரண்ட் துடித்தது. இரண்டு சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவும் இல்லை. காந்தப்புலம் மட்டுமே இருந்தது. அந்த வளையத்துக்கும் உங்கள் லேப் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டிக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷெட்டுகளில் பெல்ட்டில் ஓடும் பழைய டிரம்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மோட்டாரின் சக்தி பெல்ட் வழியாக டிரம்முக்குப் போகிறது, ஆனால் மோட்டாரும் டிரம்மும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இங்கே காந்தப்புலம்தான் பெல்ட். முதல் சுருளை பிரைமரி என்றும் இரண்டாவதை செகண்டரி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் சுற்றுகளின் எண்ணிக்கை சமமாக இருந்தால் 230 வோல்ட் உள்ளே போய் 230 வோல்ட்டே வெளியே வரும். வோல்டேஜை ஏற்றவோ இறக்கவோ செய்யாத டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்த இரண்டு சுருளுக்கு இடையில் உள்ள இடைவெளிதான் பதில்.

இடைவெளியைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. செகண்டரியில் வரும் இரண்டு கம்பிகளில் எதுவும் தெருவின் எர்த்தோடு இணைந்ததில்லை. இதில் ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு முனைகள், அவற்றுக்கு இடையே 230 வோல்ட், அவ்வளவுதான். தரையில் நின்று ஒரு முனையைத் தொட்டால் கரண்ட் உங்கள் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும், ஆனால் தரையிலிருந்து செகண்டரியின் மறுமுனைக்கு ஏற வழி இல்லை. வட்டம் முடிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முனைகளையும் ஒரே சமயத்தில் தொட்டால் சாதாரண ஷாக்கைப் போலவே கொல்லும். அதுவும், முன்னால் உள்ள ஆர்சிசிபி இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் பிரைமரியில் போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாகவே இருக்கும். டிவி, யுபிஎஸ் பழுது பார்க்கும் கடைகளில் மேசைக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது நல்ல பழக்கம். ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை எஸ்எம்பிஎஸ்ஸின் (டிவி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையின்) ஃபேஸ் பக்கத்தில் மாட்டும்போது வெடிக்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே இணைக்க வேண்டும், ஒரு கையால் வேலை செய்யும் பழக்கத்தையும் விடக்கூடாது.

இன்னொன்று, புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். எர்த்தோடு சேராத செகண்டரியில் டெஸ்டரை வைத்தால் இரண்டு முனையிலும் மங்கலாக எரியலாம். மல்டிமீட்டரில் எர்த்துக்கு அளந்தால் நூறு வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் லீக்கேஜ் என்று அதைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சுருள்களும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) போல நடந்துகொள்வதால் வரும் வோல்டேஜ் அது. அந்தக் கெப்பாசிட்டர் 1,000 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே போகக்கூடியது 0.07 மில்லி ஆம்பியர்தான். உடம்பு உணரத் தொடங்குவதே 1 மில்லி ஆம்பியர் வாக்கில். இந்த 0.07 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், ஆபரேஷன் தியேட்டர் பேச்சு வரும்போது தேவைப்படும்.

மெஷினுக்கு என்ன லாபம்?

இதுவரை மனிதனைப் பற்றிப் பேசினோம். லேப்காரருக்குக் கவலை மெஷின்.

மின் இரைச்சல் இரண்டு வழியில் வரும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருவது ஒரு வகை. இரண்டு கம்பியிலும் ஒன்றாக ஏறி, எர்த்தைத் திரும்பும் வழியாக வைத்துக்கொண்டு வருவது மற்றொரு வகை. அனலைசர், ரத்த அணுக்களை எண்ணும் கவுண்டர் போன்ற மெஷின்களைத் தடுமாற வைப்பதில் இரண்டாவது வகைக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றின் உள்ளே உள்ள சென்சார் அளப்பதே மில்லிவோல்ட் கணக்கில். அந்தச் சர்க்யூட் எதை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறதோ, அந்த எர்த்தே ஆடினால் ரிசல்ட்டும் ஆடும். பக்கத்து அறை லிஃப்ட், மாடியில் ஏசி கம்ப்ரஸர், கீழ்க்கடை வெல்டிங் என்று எல்லாமே அந்தப் பொது நியூட்ரலையும் எர்த்தையும்தான் பயன்படுத்துகின்றன.

ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இந்த இரண்டாவது வகையைத்தான் நிறுத்துகிறது. எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே அளவுக்கு நிறுத்துவதில்லை. மேலே சொன்ன 1,000 பிக்கோஃபாரட் 50 ஹெர்ட்ஸுக்கு 30 லட்சம் ஓம் தடை. கிட்டத்தட்ட சுவர். ஆனால் ஸ்விட்சிங்கில் கிளம்பும் இரைச்சல் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வரும். 1 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கெப்பாசிட்டர் வெறும் 160 ஓம். சுவரில் கதவு திறந்துவிட்டது. சாதாரணமாகச் சுற்றிய ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வைத்துவிட்டு "இரைச்சல் நிற்கவே இல்லை" என்று சொல்பவர்களின் பிரச்சினை இதுதான்.

இதற்காகவே இரண்டு சுருளுக்கும் நடுவே செம்புத் தகட்டை வைத்து, அந்தத் தகட்டை எர்த்தில் சேர்ப்பார்கள். இரைச்சல் மறுபக்கம் தாவுவதற்கு முன் தகட்டில் இறங்கி எர்த்துக்குப் போய்விடும். இதற்கு ஷீல்டு என்று பெயர். நன்றாகச் செய்த ஷீல்டு இருந்தால் இரண்டு சுருளுக்கும் இடையே மிஞ்சும் கெப்பாசிட்டன்ஸ் 0.01 பிக்கோஃபாரட்டுக்கும் கீழே போகும். அப்போது 1 மெகாஹெர்ட்ஸுக்கும் தடை 1.6 கோடி ஓம். கடைகளில் அல்ட்ரா ஐசோலேஷன் என்று கேட்டால் தருவது இதைத்தான். விலைப்பட்டியலில் கேவிஏவை (தாங்கும் லோடின் அளவை) மட்டும் பார்க்காமல் இந்தக் கப்ளிங் கெப்பாசிட்டன்ஸ் எண்ணையும் கேளுங்கள். தெளிவாகச் சொல்லாத இடத்தில் வாங்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இனி அந்தத் தாளில் எழுதியிருக்கும் எர்த்-நியூட்ரல் வோல்டேஜ். நியூட்ரல் கம்பியிலும் தடை உண்டு. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 40 மீட்டர் ஓடினால் சுமார் 0.2 ஓம். அதில் 15 ஆம்பியர் போனால் 3 வோல்ட் இறங்கும். அதனால் மெயின் போர்டில் பூஜ்யமாக இருந்த நியூட்ரல், மாடி லேப்பில் எர்த்தைவிட 3 வோல்ட் மேலே நிற்கும். தெரு நியூட்ரலில் இறங்குவது இதற்கு மேல். வெறும் 3 வோல்ட் எந்த போர்டையும் எரிக்காது, இதைத் தைரியமாகச் சொல்வேன். ஆனால் காய்ச்சல் போல அது ஓர் அறிகுறி. ஊரார் கரண்ட் எல்லாம் உங்கள் நியூட்ரலில் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். அந்த 3 வோல்ட்டோடு சேர்ந்து இரைச்சலும் வந்துகொண்டிருக்கும்.

செகண்டரி நியூட்ரலை என்ன செய்வது?

இங்கேதான் பல லேப்களில் போட்ட பணம் வீணாகிறது. நிதானமாகப் படியுங்கள்.

மெஷினைப் பாதுகாப்பது நோக்கம் என்றால், செகண்டரியின் ஒரு முனையை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே எர்த்தோடு இணைக்க வேண்டும். அந்த முனைதான் இனி உங்கள் புது நியூட்ரல். அது தெரு நியூட்ரலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, உங்கள் மெஷினின் கரண்ட் மட்டும் ஓடும் நியூட்ரல். மெஷின் அருகில் எர்த்துக்கு அளந்தால் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மெஷினின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டால் கரண்ட் திரும்ப வழியிருப்பதால், அதிகக் கரண்டில் விழும் எம்சிபியும் ஆர்சிசிபியும் வேலை செய்யும். முன்னே சொன்னபடி பிரைமரி பக்க ஆர்சிசிபிக்கு இந்தப் பக்கம் தெரியாது. ஆகவே செகண்டரிக்குப் பிறகு தனி ஆர்சிசிபி போட வேண்டும்.

எர்த்தில் சேர்த்துவிட்டால் அப்புறம் எப்படி ஐசோலேஷன் என்று கேட்கலாம். ஒரு கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்காது என்ற பலன் போய்விட்டது உண்மைதான். பழுது பார்க்கும் மேசையில் அந்தப் பலன் வேண்டும், அங்கே எர்த்தோடு சேர்க்கக்கூடாது. லேப்பில் நமக்கு வேண்டியது சுத்தமான, நம் கையில் இருக்கும் ஒரு நியூட்ரல்.

தவறு நடப்பது இப்படி. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சில மாதம் கழித்து வேறொரு எலக்ட்ரீஷியன் வருவார். போர்டில் எல்லா நியூட்ரலும் ஒரே லிங்க்கில் இருப்பதுதானே வழக்கம் என்று செகண்டரி நியூட்ரலையும் பழைய நியூட்ரல் லிங்க்கிலேயே முறுக்கிவிடுவார். மெஷின் ஓடும், விளக்கு எரியும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நொடியிலிருந்து தெருவின் நியூட்ரலும் உங்கள் நியூட்ரலும் மறுபடியும் ஒன்று. அதற்குப் பிறகு டிரான்ஸ்ஃபார்மர் வெறும் சூடு தரும் இரும்பு.

இன்னொரு தவறு மூன்றாவது பின்னை வெட்டுவது. ஐசோலேஷன் இருக்கிறதே, எர்த் எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். மெஷின் உடம்பின் எர்த் எந்த நிலையிலும் தொடர்ந்து இருக்க வேண்டும். அறுப்பது ஃபேஸ், நியூட்ரலின் தொடர்பை மட்டும்தான்.

எதைச் செய்யாது

லோ வோல்டேஜைச் சரிசெய்யாது. உள்ளே 180 வந்தால் வெளியேயும் 180, முழு லோடில் இன்னும் சில வோல்ட் குறைவாகவே. அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும். கரண்ட் போனால் ஓட்டாது, அதற்கு யுபிஎஸ்.

மூன்று ஃபேஸ் சர்வீஸில் நியூட்ரல் கழன்றுவிட்டால் ஒற்றை ஃபேஸ் சாக்கெட்டில் 350, 400 என்று எகிறும். டிரான்ஸ்ஃபார்மர் அதை அப்படியே மறுபக்கம் தரும். அதோடு 230-க்குச் சுற்றிய இரும்புக் கோர் அதைத் தாங்காமல் ஏராளமான கரண்டை இழுத்துத் தானும் கருகலாம். இதற்கு ஓவர் வோல்டேஜில் துண்டிக்கும் ரிலே தனியாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களின் இடி மின்னலுக்கும் இது முழுப் பதில் ஆகாது. கொஞ்சம் தாங்கும், ஆனால் இரண்டு கம்பிக்கு இடையே வரும் சர்ஜை, அதாவது திடீர் வோல்டேஜ் பாய்ச்சலை, கடத்திவிடும். மெயின் போர்டிலேயே சர்ஜ் அரெஸ்டர் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் எரியும் போர்டுகளைப் பார்க்கும்போது, முதலில் பவர் லைனைச் சந்தேகிக்கும் அதே அளவுக்கு டேட்டா கேபிளையும் சந்தேகியுங்கள். அனலைசர் ஒரு அறை எர்த்தில், அதோடு இணைந்த கம்ப்யூட்டர் வேறு சர்வீஸ் எர்த்தில் இருந்தால், மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த மெல்லிய கேபிள் வழியாகத்தான் சமன் ஆகும். சீரியல் போர்ட்டோ யுஎஸ்பி போர்ட்டோ முதலில் போகும். இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். ஈதர்நெட் கேபிளில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு ஈதர்நெட் போர்ட்டிலும் 1,500 வோல்ட் தாங்கும்படி ஒரு சுண்டைக்காய் அளவு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. நம் மொபைல் சார்ஜருக்குள்ளும் ஒன்று இருக்கிறது. 230 வோல்ட் சாக்கெட்டில் மாட்டிய போனை நாம் பயமில்லாமல் காதில் வைத்துப் பேசுவது அந்தச் சின்னஞ்சிறு இடைவெளியை நம்பித்தான்.

ஸ்டெபிலைசரே போதாதா என்று கேட்பவர்களுக்கு: சர்வோ ஸ்டெபிலைசர்களில் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் நேராக உள்ளே போய் நேராக வெளியே வருகிறது, பிரிப்பு இல்லை. சிறிய ஆன்லைன் யுபிஎஸ்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆன்லைன் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஐசோலேஷன் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. சோதிப்பது சுலபம். எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, பேட்டரியோடு சேர்த்து அணைத்த நிலையில், உள்ளே வரும் நியூட்ரலுக்கும் வெளியே போகும் நியூட்ரலுக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். பீப் என்று கத்தினால் பிரிப்பு இல்லை.

ஆபரேஷன் தியேட்டர்

வேலூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரின் மிக உயர்ந்த பயன்பாடு தியேட்டரிலும் ஐசியுவிலும்தான்.

நமக்குத் தோல் ஒரு காப்பு. இதயத்துக்குள் கதீட்டர் (மெல்லிய குழாய்) போன நோயாளிக்கு அந்தக் காப்பு இல்லை. கரண்ட் நேராக இதயத் தசையைத் தொட்டால் 0.1 மில்லி ஆம்பியர் அளவிலேயே துடிப்பு குலைந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் இதயத்தோடு நேரடியாக இணையும் கருவிகளில் நோயாளிக்குப் போகும் கசிவு சாதாரண நிலையில் 0.01 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று விதி. பழுது மேசையில் ஒன்றுமே இல்லை என்று சொன்ன 0.07 இங்கே ஏழு மடங்கு அதிகம். தெருக்கடையில் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரை தியேட்டருக்கு வைக்க முடியாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

ஐஇசி 60364-7-710 என்ற சர்வதேச விதி இப்படிப்பட்ட அறைகளுக்கு எர்த்தில் சேராத செகண்டரியைக் கேட்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் 0.5 முதல் 10 கேவிஏவுக்குள் இருக்க வேண்டும். இங்கே ஷாக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு கருவியில் ஃபேஸ் உடம்பில் பட்டு, எம்சிபி விழுந்து, மானிட்டரும் வென்டிலேட்டரும் பவர் இழந்தால் என்ன ஆகும்? எர்த்தில் சேராத அமைப்பில் முதல் பழுது வந்தால் எதுவும் அணையாது. அந்த முனை எர்த்தாகிவிடும், அவ்வளவுதான். சிகிச்சை தொடரும்.

ஆனால் முதல் பழுதைக் கவனிக்காமல் விட்டால், இரண்டாவது பழுது நேரடி ஷார்ட். ஆகவே இன்சுலேஷன் மானிட்டர் என்ற கருவி ஓயாமல் எர்த்துக்குள்ள தடையை அளந்துகொண்டே இருக்கும். 50,000 ஓமுக்குக் கீழே இறங்குவதற்குள் விளக்கும் ஒலியும் எழுப்பும். அந்த ஒலியை நர்ஸ் அணைத்துவிடலாம், விளக்கை அணைக்க முடியாது. பழுது போனால்தான் அது போகும். தியேட்டரில் வேலை செய்யும் அக்காமார்களுக்கு இந்த ஒரு விளக்கின் பொருளைச் சொல்லிக்கொடுப்பது அவசியம். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறினால் நடக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம், ஆனால் கடைசியாகச் செருகிய கருவி எது என்று பார்த்து, முடிந்ததும் பயோமெடிக்கல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

தொழிற்சாலை பற்றிச் சுருக்கமாக. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் தோல் டிரம்களை வேக டிரைவ்களில் ஓட்டுகிறார்கள். இவையும் கம்ப்யூட்டர்களும் சேர்ந்து கரண்டின் வடிவத்தைக் குலைக்கின்றன. கம்ப்யூட்டர் போன்ற ஒற்றை ஃபேஸ் லோடுகள் கிளப்பும் 150 ஹெர்ட்ஸ் பகுதி மூன்று ஃபேஸிலும் ஒரே நேரத்தில் வருவதால் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொண்டே போகும். டெல்டா-ஸ்டார் (பிரைமரிச் சுருள்கள் முக்கோணமாகவும் செகண்டரிச் சுருள்கள் நட்சத்திரமாகவும் இணைந்த) ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அந்தப் பகுதி டெல்டாவுக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும், மெயின் நியூட்ரலுக்குப் போகாது. அங்கே அளவைக் கணக்கிடுவது இன்ஜினியர் வேலை.

எர்த் இல்லாமல் ஷீல்டு இல்லை

வேலூரைச் சுற்றிப் பாறை மலைகள். பல இடங்களில் சில அடி தோண்டினாலே பாறை தட்டும். கோடையில் பாலாற்றுப் படுகையே காய்ந்து கிடக்கும்போது எர்த் குழியில் மட்டும் ஈரம் எங்கிருந்து வரும்? ஷீல்டு, புது நியூட்ரல், சர்ஜ் அரெஸ்டர் மூன்றுமே எர்த்தை நம்பியிருப்பவை. ஐசோலேஷனுக்கு செலவு செய்வதற்கு முன் எர்த் குழிக்குச் செலவு செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாறை நிலத்தில் ஒரே குழியைவிட ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்ட இரண்டு மூன்று குழிகளை இணைப்பது பலன் தரும். பென்டோனைட் போன்ற ஈரம் பிடிக்கும் மண் உதவும். கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் எர்த் மீட்டரில் அளப்பதும் மே மாதத்தில் நடக்க வேண்டியவை. மழை முடிந்த கையோடு அளந்தால் எண் அழகாகத்தான் இருக்கும்.

மெஷினுக்குத் தனி எர்த் என்று சொல்லி, கட்டடத்தின் பழைய எர்த்தோடு சேர்க்காமல் ஒரு குழி போடுவது ஆபத்து. குழிகளின் தடை மொத்தம் 6 ஓம் என்றால், பழுது நேரத்தில் ஓடுவது 38 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, மெஷின் உடம்பில் ஷாக் நின்றுகொண்டிருக்கும். தனிக் குழி போடலாம், ஆனால் அதையும் மெயின் எர்த்தையும் தடித்த கம்பியால் இணைத்தே ஆக வேண்டும்.

வாங்கும்போது

அளவு: ஓடும் மெஷின்களின் கேவிஏவைக் கூட்டி, கால் பங்காவது கூடுதல் வையுங்கள். அனலைசர், கவுண்டர், கம்ப்யூட்டர் சேர்ந்து 2.3 கேவிஏ வந்தால் 3 கேவிஏ போதும். ஃபிரிட்ஜ், ஏசி போன்றவற்றை இதில் சேர்க்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஆறு ஏழு மடங்கு இழுக்கும். நீங்கள் தெருவில் வேண்டாம் என்று தள்ளிய இரைச்சலை உங்கள் செகண்டரியிலேயே கொண்டுவந்து வைப்பதும் ஆகும்.

ஸ்விட்ச் போடும்போது டிரான்ஸ்ஃபார்மரே ஒரு கணம் பத்து மடங்கு வரை கரண்ட் இழுக்கலாம். பி வகை எம்சிபி விழுந்துகொண்டே இருக்கும், சி அல்லது டி வகை போட வேண்டும். யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் வைத்தால் யுபிஎஸ் இந்த இழுப்பைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரல் சுத்தமாக வேண்டும் என்றால் யுபிஎஸ்ஸுக்குப் பின்னால், மெஷினுக்குப் பக்கத்தில் வைப்பதே நல்லது.

வெப்பம் இன்னொன்று. பல டிரான்ஸ்ஃபார்மர்களின் அளவு 40 டிகிரி சுற்றுவெப்பத்துக்குச் சொல்லப்படுவது. வேலூர் மே மாதம் அதைத் தாண்டும், மூடிய மரப்பெட்டிக்குள் இன்னும் தாண்டும். காற்றோட்டமாக வையுங்கள். லோடு இல்லாவிட்டாலும் கோர் மட்டும் 40 வாட் தின்றால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இரவு மெஷின் ஓடாது என்றால் பிரைமரி பக்கத்திலேயே அணைத்துவிடலாம்.

பொருத்தி முடித்ததும் கூலி கொடுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். எல்லா இணைப்பையும் கழற்றிய நிலையில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். திரும்ப இணைத்து மெஷின் முழு லோடில் ஓடும்போது அதன் சாக்கெட்டில் எர்த்-நியூட்ரல் எவ்வளவு, செகண்டரி ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா, எர்த் குழி எத்தனை ஓம் என்று பார்த்து, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "இந்த நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு சேர்க்கக் கூடாது." அடுத்து வரப்போகும் எலக்ட்ரீஷியன் தம்பி படிப்பதற்காக.